கால் எரிச்சலும் மூன்று பாட்டில் சத்து மாத்திரையும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் எடுக்கிறேன். நெஞ்செரிச்சலுக்கு ஆறு வருடமாகத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. இரண்டு வருடமாகப் பாதம் எரிகிறது. ராத்திரியில் போர்வை பட்டாலே பொறுக்க முடியவில்லை. 14 மாதத்துக்கு முன் "நரம்பு மாத்திரை" என்று காலை ஒன்று, இரவு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் என் மகன் பி காம்ப்ளெக்ஸ் ஒன்றும், முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று இன்னொன்றும் வாங்கித் தந்தான். மூன்றையும் விடாமல் சாப்பிடுகிறேன். எரிச்சல் குறையவில்லை. மூன்று மாதமாகக் கைவிரல்களும் மரத்துப்போகின்றன. ஜாக்கெட் கொக்கி மாட்டத் தடுமாறுகிறேன். குனிந்து முகம் கழுவும்போது ஆள் அப்படியே சாய்கிறது. போன மாதம் பி12 பார்த்தார்கள், 1180 என்று வந்தது. தைராய்டு நார்மல். பி12 நன்றாக இருந்தும் ஏன் குணமாகவில்லை? இன்னும் அதிகச் சக்தியுள்ள வைட்டமினுக்கு மாறலாமா? ஊசி போட்டுக்கொள்ளலாமா? மூன்று பாட்டிலின் பின்பக்கத்தில் இருப்பதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அம்மா, பாட்டிலின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. பலபேர் "ஏதோ சத்து மாத்திரை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதிகச் சக்தியுள்ள வைட்டமினுக்கு மாற வேண்டாம். மற்றதைப் படிப்பதற்கு முன், உங்கள் மூன்று லேபிள்களிலும் இருக்கும் ஒரே ஒரு சத்தைக் கூட்டிப் பார்ப்போம். அதன் பெயர் பி6. லேபிளில் "பைரிடாக்ஸின் ஹைட்ரோகுளோரைடு" என்று இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும்.

நரம்பு மாத்திரையில் 100 மில்லிகிராம். நாளைக்கு இரண்டு, ஆக 200. மகன் வாங்கித் தந்த பி காம்ப்ளெக்ஸில் 50. முடி, நகத்துக்கான மாத்திரையில் 10. மொத்தம் 260 மில்லிகிராம் தினமும் உள்ளே போகிறது. உங்கள் வயதில் ஒரு பெண்ணுக்கு உடம்பு கேட்பது ஒரு நாளைக்கு 1.5 மில்லிகிராம். அதைச் சாதாரணச் சாப்பாடே கொடுத்துவிடும்.

பி6 குறைந்தால் நரம்பு கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். அது கூடினாலும் நரம்பு கெடும் என்பது மருந்துச் சீட்டு எழுதுகிற கைகளுக்கே பல நேரம் நினைவில் வருவதில்லை. 1983ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். ஏழு பேரும் தினமும் 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டு வந்தவர்கள். பாதம் மரத்து, பிறகு கை மரத்து, நடை தள்ளாடி வந்தார்கள். அது நீங்கள் எடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம்தான். ஆனால் அதற்குப் பிறகு, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்தால் இதைவிட மிகக் குறைந்த அளவிலும் சிலருக்கு இதே பாதிப்பு வருவது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்கான உச்சவரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் 12 மில்லிகிராமாக இறக்கியது. அமெரிக்காவின் வரம்பு இன்னும் 100ல் நிற்கிறது. உங்கள் 260 இரண்டையுமே தாண்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல் 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 உள்ள சத்து மாத்திரைகளின் லேபிளில், கூச்சம், எரிச்சல், மதமதப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

முதுகுத்தண்டுக்கு வெளியே, உணர்ச்சி நரம்புகளின் உயிரணுக்கள் கூடிக்கிடக்கும் சின்ன முடிச்சுகள் உண்டு. பி6 தாக்குவது அவற்றைத்தான். அதனால் முதலில் போவது உணர்ச்சி, குறிப்பாகக் கைகால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்ச்சி. கண் திறந்திருக்கும்போது பார்வை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கண்ணை மூடிக் குனிந்து முகம் கழுவும்போது ஈடுகட்ட ஆளில்லை, உடம்பு சாய்கிறது. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி நிதானமாக ஏறும். முழங்கால் பக்கம் வந்தபிறகுதான் வழக்கமாக விரல்நுனிக்கு வரும். உங்களுக்கு எட்டு மாதத்துக்கு முன் இரண்டு பாட்டில் கூடியது, மூன்று மாதத்துக்கு முன் கை தொடங்கியது. இது பி6தான் என்று கடிதத்தை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். முகம் கழுவும்போது சாய்வது பி12 குறைந்தவர்களுக்கும் வரும். ஆனால் பி6 மேல் சந்தேகப்படாமல் இருக்க முடியாது.

ஆகவே மகன் வாங்கித் தந்த இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். நரம்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு, பி12 மட்டும் உள்ள மாத்திரையாக மாற்றித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பி6ஐப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் விடலாம். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுப் பி6ஐ நிறுத்தக் கூடாது. அந்த மருந்து உடம்பிலிருக்கும் பி6ஐக் குறைத்துவிடும் என்பதால், அதைக் காக்கத்தான் அவர்களுக்குச் சிறிய அளவில் கொடுக்கிறோம்.

நிறுத்திய பிறகு இரண்டு மூன்று வாரம் மதமதப்பு கொஞ்சம் கூடுவது போலத் தோன்றலாம். பி6ஆல் கெட்ட நரம்பின் இயல்பு அது. "மாத்திரையை விட்டேன், அதனால்தான் கூடிவிட்டது" என்று பயந்து திரும்ப எடுத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் இரண்டு தடவை நிறுத்தி இரண்டு தடவையும் திரும்பத் தொடங்கினார். மூன்றாவது தடவை அவர் மனைவி பாட்டிலை ஒளித்து வைத்தார். நாலைந்து மாதத்தில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட முடிந்தது. பாதத்தின் மரமரப்பு முழுதாகப் போகவில்லை. பலருக்கு நன்றாகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும் என்பதே நேர்மையான பதில்.

இனி பி12. "நன்றாக இருக்கிறதே" என்று கேட்கிறீர்கள். நரம்பு மாத்திரையிலேயே பி12ம் இருக்கிறது; 14 மாதமாக அதைச் சாப்பிட்டபின் பார்த்த அளவு அது. மாத்திரை ரத்தத்தில் இறங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த 1180 சொல்கிறது. தொடங்கும்போது உங்களுக்குக் குறைவு இருந்ததா என்பதைச் சொல்லாது. முதல் மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு குப்பி ரத்தம் எடுத்திருந்தால் இன்று இந்தக் குழப்பமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. கால் எரிகிறது என்றதும் சத்து மாத்திரை எழுதுவது கையோடு வந்த பழக்கமாகிவிட்டது. பரிசோதனை பின்னால் போய்விடுகிறது.

உங்களுக்குக் குறைவு இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்புக்குள் ஏறுகிறது, மெட்ஃபார்மின் அங்கே அதைத் தடுக்கிறது. அளவு கூடக்கூட, வருடம் ஏற ஏறத் தடையும் கூடும். சாப்பாட்டிலிருக்கும் பி12ஐப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், நெஞ்செரிச்சல் மாத்திரை அந்த அமிலத்தை அடக்கிவிடுகிறது. ஆக இரண்டு பக்கமும் கதவு பாதி சாத்தியிருக்கிறது. ஈரல் பி12ஐ வருடக்கணக்குக்குச் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் குறைவு வெளியே தெரியவும் வருடங்கள் ஆகும். நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு, அதிலும் கால் மரப்பவர்களுக்கு, அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்லிச் சர்க்கரை நோய் வழிகாட்டிகளே சொல்கின்றன. இதைக் கேட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது சர்க்கரைக்குச் செய்யும் நன்மை பெரிது. இந்தக் குறையைப் பி12 கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்.

"எனக்கு ரத்தசோகையே இல்லையே, பி12 எப்படிக் குறைந்திருக்கும்?" என்று கேட்பவர்களும் உண்டு. 1988ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பி12 குறைவால் நரம்போ மனநிலையோ பாதிக்கப்பட்ட 141 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, சிவப்பணு பெரிதாகவும் இல்லை. ரத்தம் நன்றாக இருக்க நரம்பு தனியாகக் கெடலாம். ஃபோலிக் அமிலம் இந்த வேடத்தை இன்னும் கூட்டும். 1940களில் ஃபோலிக் அமிலம் புதிதாக வந்தபோது, பி12 ஏறாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிறிய முகத்தில் ரத்தம் ஏறியது, ஹீமோகுளோபின் உயர்ந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். சில மாதத்தில் அவர்களில் பலருக்குக் கால் மரத்து நடை தள்ளாடத் தொடங்கியது. ரத்தம் தேறியதால் அடியில் நரம்பு கெடுவது மறைந்துபோயிருந்தது. உங்கள் நரம்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. பி12ம் கூடவே இருப்பதால் உங்களுக்கு ஆபத்தில்லை. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது எதைப் பார்க்கலாம்? உடம்பின் உயிரணுக்களுக்குள் பி12 வேலை செய்கிறதா என்று காட்டும் மீத்தைல்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் உண்டு. குறைவு இருந்தால் இரண்டும் கூடும். சிறுநீரகம் சோர்ந்திருந்தாலும் கூடும் என்பதால் கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பி12 எடுப்பதால் இவையும் இன்று சரியாகவே வரலாம். வந்தால் நல்லதுதான், இப்போது போதுமான பி12 கிடைக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் பி6 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கூடுதலாக இருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

தைராய்டு நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனையையும் திரும்ப எடுக்க வேண்டும். முடி, நக மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறதல்லவா? பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிரம்பியிருந்தால் கணக்குத் தப்பும்: தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 கூடுதலாகவும் காட்டலாம். உண்மையில் தைராய்டு மந்தமாக இருந்தாலும் தாளில் நார்மல் என்று வந்துவிடும். மந்தத் தைராய்டும் கைகால் மரப்புக்கு ஒரு காரணம். உங்கள் பி12 எண்ணையேகூடப் பயோட்டின் ஏற்றிக் காட்டியிருக்கலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் ஏமாற்றும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ல் எச்சரித்தது. மாத்திரையை விட்டு மூன்று நாளாவது கழித்து ரத்தம் கொடுங்கள்.

ஊசி தேவையா? நரம்பு பாதிப்போடு பி12 குறைவு உறுதியானால் முதல் சில வாரம் ஊசி போடுவதே வழக்கம். வேகமாக நிரப்ப அதுதான் நல்லது, உறிஞ்சும் பிரச்சினையும் இல்லை. அதன்பின் தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் போதும். குடல் தன் வழக்கமான வழியில் உறிஞ்சாவிட்டாலும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 10 மைக்ரோகிராம், உடம்பின் தினத் தேவையோ 2.4தான். பி12 கூடினால் பி6 போல நரம்பைக் கெடுப்பதில்லை. அதனால் உங்களுக்குப் பி12 மட்டும் தொடர்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, மெட்ஃபார்மின் எடுக்கும்வரை தொடரலாம். ஆனால் குறைவு இல்லாத ஒருவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் சர்க்கரையால் கெட்ட நரம்பு சரியாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. வைட்டமின் என்ற எண்ணமே நரம்பிலிருந்துதான் பிறந்தது. 1890களில் ஜாவா தீவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும் தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் பார்த்தார். தவிட்டில் இருந்தது பி1 என்று பின்னால் தெரிந்தது. 1929ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பட்டினி கிடந்த நரம்புக்குச் சோறு போட்டால் எழுந்துவிடும், அதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். மது அதிகம் குடிப்பவர்கள், எடைக் குறைப்புக்கு வயிற்று அறுவை செய்தவர்கள், வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர்கள் இவர்களுக்குப் பி1 உடனே வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஆனால் உங்கள் நரம்பைக் கெடுத்ததில் சர்க்கரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதற்குப் பட்டினி காரணமில்லை.

ஆல்ஃபா லிபோயிக் அமிலம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது வைட்டமின் இல்லை. சில வார ஆய்வுகளில் எரிச்சல் சிறிது குறைந்ததாகத் தெரிந்தது. நீண்ட நாள் பலன் உறுதியாகவில்லை. நான் வற்புறுத்துவதில்லை. வைட்டமின் டி, ஈ குறைவென்று பரிசோதனை சொன்னால் மட்டும் எடுங்கள். துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் தாமிரம் வற்றி, அதுவே நரம்பையும் தண்டுவடத்தையும் கெடுக்கும். அதையும் "சத்துதானே" என்று நினைக்காதீர்கள்.

போர்வை பட்டால் பொறுக்க முடியாத அந்த ராத்திரிக்கு எந்தச் சத்து மாத்திரையும் மருந்தாகாது. துலாக்ஸெட்டின், பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை நரம்பு வலிக்கென்றே இருப்பவை. நரம்பைச் சரிசெய்யாது, வலியைத் தணித்துத் தூங்கவைக்கும். தூக்கம் சின்ன விஷயமில்லை, இரண்டு வருடமாக அதை இழந்திருக்கிறீர்கள். ஆனால் இவற்றில் பலவற்றுக்குத் தலைசுற்றல், தள்ளாட்டம் உண்டு. ஏற்கெனவே சாய்கிற உங்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். முகம் கழுவும்போது சாய்வதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலிக்கு எழுதித் தரும் மாத்திரையிலும் பி6 கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது உண்டு.

சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வகைச் சர்க்கரைக்காரர்களிடம் கடுமையான கட்டுப்பாடு நரம்பு பாதிப்பை 60 சதவீதம் குறைத்தது என்று 1993ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. உங்களுடைய இரண்டாம் வகையில் பலன் அத்தனை இல்லை, ஆனாலும் மேலும் கெடுவதை மெதுவாக்கும்.

நரம்பு வளரும் வேகம் நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு சாண் வளரவே எட்டு மாதம் போல ஆகும். அதனால் மூன்று வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று வேறு பாட்டில் தேட வேண்டாம். அதுவரை காலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், விரல் இடுக்கையும். செருப்பு மாட்டும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். சுடுதண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்த்தபின் காலில் ஊற்றுங்கள். முகத்தை இனி உட்கார்ந்தோ சுவரைப் பிடித்துக்கொண்டோ கழுவுங்கள். பலவீனம் நாட்கணக்கில் மளமளவென்று மேலே ஏறினாலோ, காலைத் தூக்க முடியாமல் இழுத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, மூச்சு வாங்கினாலோ, எதற்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், மகனோடும் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் அக்கறையில்தான் வாங்கியிருக்கிறார். மூன்றையும் ஒரு பையில் போட்டு, ஒவ்வொன்றின் மூடியிலும் தொடங்கிய மாதத்தை எழுதி, இந்த வாரமே உங்கள் மருத்துவரின் மேஜைமேல் வையுங்கள். 260 என்ற அந்தக் கூட்டுத்தொகையையும் ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள்.